ஆயா உட்கார்ந்த மணல்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1879இல். அந்தக் கிளைப்பாதையின் கடைசி நிலையத்தில் இறங்கி சுப்பையா சாலையில் கிழக்கே நடந்தால் கடல் வந்துவிடும். கோடை விடுமுறையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படி நடந்துபோன ஐந்து பேரில் மூத்தவர் ஆயா. முத்தியால்பேட்டையில் பிறந்து விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். கூடவே மகன், மருமகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, நடக்கிற நேரத்தைவிடத் தோளில் ஏறும் நேரமே அதிகமாக இருக்கிற பேரன்.

பயணத்துக்குக் காரணம் எளிது. பேரனுக்கு மணலில் விளையாட வேண்டும். "பாண்டிச்சேரி பீச்சுல மணல் ஏதுடா, வெறும் கல்லுதான்" என்று ஆயா வீட்டிலேயே சொல்லிவிட்டார். அவர் கடைசியாக வந்தபோது பார்த்தது அதைத்தான். மகன் விடவில்லை. "இப்ப மணல் வந்துடுச்சும்மா, வந்து பாரு" என்று கூட்டிக்கொண்டு வந்தார்.

இருதய ஆண்டவர் கோயிலின் வண்ணக் கண்ணாடிகளை எட்டிப் பார்த்துவிட்டு, கடற்கரைச் சாலையின் தென்கோடியில், துய்ப்ளே சிலை நிற்கும் பக்கமாக அவர்கள் கடலைத் தொட்டார்கள். அங்கிருந்து வடக்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் நீள்கிறது புதுச்சேரியின் பெயர்பெற்ற உலாவும் சாலை. அரசு ஆவணங்களில் அது கூபேர் அவென்யூ. ஊரின் முதல் முதலமைச்சராக இருந்த எதுவார் கூபேரின் பெயர். மக்கள் வாயில் அது பீச் ரோடு. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அதில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. கடலோரச் சாலையை நடப்பவர்களுக்கே விட்டுக்கொடுத்த இந்த ஏற்பாடு இந்திய நகரங்களில் அரிது.

சாலையின் ஒரு பக்கம் வெள்ளைச் சுவர்க் கட்டடங்கள். அவற்றில் ஒன்று 'மேரி' என்று அழைக்கப்படும் பழைய நகராட்சிக் கட்டடம். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இன்னும் கொஞ்சம் வடக்கே 1836இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். அதன் எதிரே, செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் எட்டுக் கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தி சிலை. அதையடுத்து, முதல் உலகப் போரில் உயிர்விட்டவர்களுக்காக 1938இல் திறக்கப்பட்ட பிரெஞ்சு நினைவுச் சின்னம். படம் எடுப்பவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்தே நிற்கிறார்கள். பேரன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கம் ஓடினான்.

அங்கே மணல் இருந்தது.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே தொடங்கித் தெற்கே காந்தி சிலைப் பக்கமாக அகன்றுவரும் மணற்பரப்பு. நடைபாதை ஓரத்துக் கருங்கற்களின் கீழ்வரிசைகள் மணலுக்குள் புதைந்திருக்கின்றன. மேல்வரிசைக் கற்களின் இடுக்கில் நண்டுகள் ஓடி ஒளிகின்றன. மணல் தொடங்கும் இடத்தில் ஒரே சீரான நிறமில்லை. மேலே வெயிலில் காய்ந்த வெளிர்மஞ்சள். கீழே அலை வந்துபோகும் இடத்தில் ஈரம் ஏறிய பழுப்பு. நடுவே, கனமான தாதுத் துகள்களை அலை தனியே பிரித்துப் போட்ட கறுப்புக் கோடுகள். பேத்தி குனிந்து கறுப்பை ஒரு கையிலும் மஞ்சளை ஒரு கையிலும் அள்ளிப் பார்த்தாள். கறுப்பு மணல் கையில் கனத்தது.

ஆயா முதலில் நம்பவில்லை. கல்லைப் பிடித்து மெல்ல இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பல்லாம் இந்தக் கல்லு ஏது? ரோட்டுலேர்ந்து இறங்குனா மணலுதான். ஆடி மாசத்துல கூட நாங்க இங்கதான் கட்டுச்சோறு பிரிப்போம்."

"அப்ப மணல் எங்க ஆயா போச்சு?" என்று கேட்டாள் பேத்தி.

கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் உலாவும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

சோழமண்டலக் கரையின் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையை நேராக மோதாமல் சாய்வாக மோதுகின்றன. ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் தள்ளிப் போடுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கத்திக் காற்றும் தென்மேற்குப் பருவ அலைகளும் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடை வீசும் மாதங்களில் அதே மணல் தெற்கே திரும்புகிறது. வடக்கே போவது அதிகம், தெற்கே திரும்புவது குறைவு. கூட்டிக் கழித்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் ஆண்டுதோறும் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. கரையை ஒட்டி ஓடும் ஆறு என்றே இதை நினைத்துக்கொள்ளலாம். நாம் கடற்கரை என்று பார்ப்பது அந்த ஆற்றில் இன்றைக்குத் தங்கியிருக்கும் மணல். நேற்றைய மணல் வடக்கே போயிருக்கும், நாளைய மணல் தெற்கிலிருந்து வர வேண்டும்.

இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே 1989இல் இரண்டு கல் கைகள் நீண்டன. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவர்கள் அவை.

துறைமுகம் வேண்டும் என்ற ஆசை புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக் காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது, பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். 18ஆம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில், கப்பல் வந்த செய்தியும் அதற்குப் போட்ட பீரங்கி மரியாதையும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஊரின் பிழைப்பே அந்தத் திறந்த கடலை நம்பி இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். 1952 புயல் அதைக் கொண்டுபோய்விட்டது. பின்னர் தெற்கே வம்பாக்கீரப்பாளையத்தில் கட்டிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலுக்குள் சரிந்தது.

இரும்புப் பாலமும் பின்னால் வந்த பாலமும் கால்களின் மேல் நின்றவை. அடியில் தண்ணீரும் மணலும் தாராளமாகப் போய்வந்தன. 1989இன் சுவர்கள் அப்படியல்ல, கடல்தரையிலிருந்து எழுந்த கற்குவியல்கள். தெற்கிலிருந்து வந்த மணல் தென்சுவரில் முட்டித் தேங்கியது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது. வடக்கே ஊரின் கடற்கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அங்கிருந்த மணலை அலை வழக்கம்போல வடக்கே கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. வரவு நின்று செலவு மட்டும் நடந்ததில், சில ஆண்டுகளுக்குள் ஆயா கட்டுச்சோறு பிரித்த மணல் காணாமல் போனது.

இது தெரியாமல் நடந்த காரியமும் அல்ல. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பதற்கான ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து இயங்கவில்லை. சாலையைக் கடல் எட்டியதும் நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அந்தக் கல்லைக் குறை சொல்லிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நகரின் மையப் பகுதி பெரிய சேதமில்லாமல் தப்பியதில் அந்த உயர்ந்த கற்சுவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கல் மணலைக் கொண்டுவராது. சுவரில் மோதித் திரும்பும் அலை, சுவரடியில் மிச்சமிருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போகும். பேரனின் அப்பா தன் சிறுவயதில் பார்த்த புதுச்சேரிக் கடற்கரை அந்தக் கல் மட்டும்தான்.

மணலைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று உள்ளூர்த் தன்னார்வலர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாண்டிகேன் அமைப்பினர் காணாமல்போகும் கடற்கரைகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்கள், கூட்டங்கள் போட்டார்கள், அதிகாரிகளின் கதவைத் தட்டினார்கள். கடைசியில் வழி வகுத்துக் கொடுத்தது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். 2018இல், தலைமைச் செயலகத்துக்கு நேரே கடலுக்குள், ஆப்பு வடிவத்தில் மிகப் பெரிய எஃகுக் கட்டமைப்பு ஒன்று இறக்கப்பட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருப்பதால் கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது படாது. உற்றுப் பார்த்தால், கரைக்குச் சற்றுத் தள்ளி அலை முன்கூட்டியே உடைந்து நுரைக்கும் இடம் தெரியும். அங்கே வேகத்தை இழந்த அலை கரைக்கு வரும்போது மணலைத் தூக்கும் வலுவோடு வருவதில்லை. நகர்ந்து வந்த மணல் அந்த அமைதியான நீரில் தங்கிவிடுகிறது. துறைமுக வாயிலைத் தூர்வாரி எடுத்த மணலையும் குழாய் வழியே கரையில் சேர்த்தார்கள். கண் முன்னாலேயே கரை வளர்ந்தது. மூன்று பத்தாண்டு காலம் கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்த ஊர், மறுபடி மணலில் இறங்கியது.

இந்த வெற்றியை மனம் திறந்து பாராட்ட வேண்டும். கடலோரத்தை அழகுபடுத்துவது என்றால் விளக்குக் கம்பமும் வழவழப்பான தரைக்கல்லும் சிமெண்ட் இருக்கையும் என்றே நம் நகராட்சிகள் பலவும் நினைத்துக்கொண்டிருக்கின்றன. புதுச்சேரியிலும் அவையெல்லாம் உண்டு. ஆனால் பேரன் பள்ளம் தோண்டியது தரைக்கல்லில் அல்ல. அவன் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறிவந்து பள்ளத்தின் ஓரம் சரிந்தது. மறுபடி தோண்டினான். மருமகள், "அத்தை, வெயில் ஏறுது, போலாமா?" என்று கேட்டும் ஆயா எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார்.

குளிக்க மட்டும் யாரும் இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. மணல் வந்ததும் கடல் பழகிவிட்டதாக நினைத்து இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அடியில் கற்கள் உண்டு, இழுக்கும் நீரோட்டம் உண்டு. பேரன் கணுக்கால் நனைத்ததும் காவலரின் விசில் ஒலித்தது. அப்பா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார். தண்ணீரில் இறங்கியே ஆகவேண்டும் என்பவர்களுக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரை இருக்கிறது. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல், சென்னையை அடுத்த கோவளத்தோடு சேர்ந்து, அதுவும் பெற்றது.

மதியம் மீன்குழம்புச் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல் ஆளுக்கொன்று. அதன்பிறகு பேத்தி ஒரு கேள்வியை எடுத்து வைத்தாள். "மணல் வடக்கால போவுதுன்னா, இங்க வராதப்ப வடக்க இருக்குறவங்களுக்கும் வந்திருக்காதே?"

பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்காத கேள்வி அது. பதிலைப் பார்க்க அப்பா எல்லோரையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றினார். முத்தியால்பேட்டை தாண்டி, ஆயாவின் பிறந்த தெருவைக் கை காட்டிவிட்டு, கோட்டக்குப்பத்தில் நுழையும்போது மாநிலம் மாறுகிறது. எல்லைப் பலகை சாலையில் நிற்கிறது, கடலில் இல்லை. புதுச்சேரியின் கற்சுவர் முடிந்த இடத்திலிருந்து அரிப்பு தமிழ்நாட்டுக் குப்பங்களைத் தின்னத் தொடங்கியது. கோட்டக்குப்பம், சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அது ஊர் ஊராக வடக்கே ஏறியது. வீடுகள் போயின, தென்னைகள் போயின, சாலை போனது. ஒவ்வோர் ஊரும் கல் கேட்டது. ஓர் ஊருக்குக் கல் கொட்டினால் அடுத்த ஊரின் மணல் கரைந்தது. கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் போட்டால், வளைவின் தென்பக்கம் மணல் சேர்ந்தது, வடபக்கம் கடல் உள்ளே வந்தது.

உலாவ வருபவருக்குக் கடற்கரை பொழுதுபோக்கு. மீனவருக்கு அது பட்டறை, களம், சந்தை, முற்றம் எல்லாம். படகை இழுத்து ஏற்ற மணல் வேண்டும். வலையை விரித்துப் பழுது பார்க்க மணல் வேண்டும். நெத்திலி காயவைக்க மணல் வேண்டும். கரையில் இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கும் பெரிய வலைக்கு அகன்ற மணல் இல்லாமல் முடியவே முடியாது. தந்திராயன்குப்பத்தில் ஃபைபர் படகின் நிழலில் வலைக் கண்களைக் கோத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அப்பா பேச்சுக் கொடுத்தார். "எங்கப்பா காலத்துல போட்டை எங்க வேணாலும் ஏத்தலாம் தம்பி. இப்ப எடம் பாத்துப் பாத்து ஏத்தணும். வாடை அடிச்சா அதுவும் கெடையாது" என்றார் அவர். பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை. ஊசி கண்ணுக்குள் போய் முடிச்சாகி வெளியே வந்துகொண்டே இருந்தது. பேத்தி பக்கத்தில் குந்தி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் இதே கதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியபோது, தென்சுவரில் தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்துகொண்டே வந்தது. தெற்கே உலக நகரங்கள் பொறாமைப்படும் கடற்கரை, வடக்கே கருங்கல். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாக, 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கிட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கேயும் இரண்டு மாநிலங்களின் எல்லையில்தான் சிக்கல். நியூ சவுத் வேல்ஸின் வடகோடியில் ட்வீட் ஆற்று முகத்துவாரச் சுவர்களை 1960களில் நீட்டினார்கள். மணல் தெற்கிலேயே தேங்கியது. எல்லைக்கு அப்பால், குயின்ஸ்லாந்தின் கோல்டு கோஸ்டில் கூலங்கட்டா, கிர்ரா கடற்கரைகள் மெலிந்தன. இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, 2001 முதல் நிரந்தரமாக ஒரு மணல் மாற்று நிலையத்தை நடத்திவருகின்றன. ஆற்றுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்ட பாலத்தில் பம்புகள் உறிஞ்சும் மணல், ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியே வடக்கே போய்ச் சேருகிறது. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். துறைமுகமோ முகத்துவாரமோ மூடப்படவில்லை. மணல் போகவேண்டிய இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே அப்படி ஓர் ஒப்பந்தம் ஏன் கூடாது? அரியாங்குப்பம் துறைமுக வாயில் அடிக்கடி தூர்ந்துபோகிறது. படகுகள் உள்ளே வர முடியாமல் மீனவர்கள் தவிக்கிறார்கள், தூர்வாரக் கேட்டுப் போராடுகிறார்கள். அங்கே தொல்லையாகத் தேங்கும் மணலும் பொம்மையார்பாளையத்தில் இல்லாமல் போன மணலும் ஒன்றுதான். தூர்வாருவதை அவ்வப்போது நடக்கும் ஒப்பந்த வேலையாக விட்டுவிடாமல், ஆண்டு முழுவதும் நடக்கும் பொறுப்பாக மாற்றினால், துறைமுக மீனவருக்கும் குப்பத்து மீனவருக்கும் சேர்த்தே பலன் உண்டு. எஃகு ஆப்பு நகரத்தின் முகத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறது. அதே ஊர், அதே அறிவியல், அதே பொறியாளர்கள். சில கிலோமீட்டர் வடக்கே இருப்பவர்களுக்கு மட்டும் கல் போதும் என்று சொல்ல நமக்கு எந்த நியாயமும் இல்லை. எடுக்கும் மணல் எவ்வளவு, எங்கே கொட்டப்படுகிறது, எந்தக் குப்பத்தின் கரை எத்தனை மீட்டர் கூடியது அல்லது குறைந்தது என்ற கணக்கு தமிழில், ஊர்ப் பலகையில், பருவத்துக்கு ஒருமுறை எழுதப்பட வேண்டும். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் அதைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

மாலை 6 மணிக்கு அவர்கள் பீச் ரோட்டுக்குத் திரும்பியபோது தடுப்பு வேலி போட்டாயிற்று. சாலை முழுக்க ஆட்கள். சக்கர நாற்காலியில் அப்பாவைத் தள்ளிக்கொண்டு வரும் மகன், கைகோத்து நடக்கும் பிரெஞ்சுத் தம்பதி, ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள், மாங்காய்ப் பத்தையில் மிளகாய்த்தூள் தூவும் அம்மா. சுண்டலை வாங்கிக்கொண்டு எல்லோரும் மறுபடி மணலில் இறங்கினார்கள். பேத்தி மட்டும் உட்காரவில்லை. கற்சுவரின் அடியிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை அடி மேல் அடி வைத்து அளந்துகொண்டு போனாள். அலை பின்வாங்கும்போது ஒரு கணக்கு, ஏறும்போது ஒரு கணக்கு. இரண்டையும் அம்மாவின் செல்பேசியில் பதிந்துகொண்டாள்.

"கார்த்திகையில மறுபடி வரலாம்ப்பா. வாடை அடிக்கும்போது எவ்வளவு குறையுதுன்னு பாக்கணும். தந்திராயன்குப்பத்துலயும் அளக்கணும்."

அப்பா தலையாட்டினார். அடுத்த முறை அளவு நாடா எடுத்து வரச் சொன்னார் ஆயா. காலால் அளந்தால் வாத்தியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது அவர் கவலை.